குறை எழுதப்படாத பங்களா

வாங்க தம்பி, உட்காருங்க. இந்த மேசைக்கு வேற யாரும் வர மாட்டாங்க, நான் ஒருத்தன்தான். ஒண்ணே ஒண்ணு, நான் சொன்ன உடனே திரும்பிப் பாத்துராதீங்க. உங்களுக்குப் பின்னால, சன்னலோரத்துல, மெரூன் கலர் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒரு அம்மா தனியா உட்காந்து சாப்பிடறாங்க. அட, பாக்காதீங்கன்னு சொன்னனுங்களே. அவங்க என் சம்சாரம்.

சண்டையெல்லாம் இல்லைங்க. சண்டைன்னா எனக்குச் சமாளிக்கத் தெரியும், இருபத்தாறு வருஷப் பழக்கம். இது வேற. அவ இந்த லாட்ஜுல ஆறாம் நம்பர் ரூம்ல இருக்கறா. நான் இங்கிருந்து ஒண்ணரைக் கிலோமீட்டர் தள்ளி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு பங்களாவுல இருக்கறேன். மூணு வேளையும் நடந்து வந்து இந்த மேசையில உட்காந்து சாப்பிட்டுட்டுப் போறேன். அந்த மேசைக்குப் போகக் கூடாதுன்னு உத்தரவு.

சிரிங்க, பரவாயில்லை. இந்த லாட்ஜுக்காரம்மா கங்கம்மா, அதா, தோசைக்கல்லுகிட்ட நிக்கறாங்களே, அவங்களே முதல் நாள் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. இப்பப் பழகிப் போச்சு. நான் உள்ள வந்தா "உங்க இடம் காலியாத்தான் இருக்குது"ங்கறாங்க.

நீங்க ரூம் பாக்கத்தானே வந்திருக்கீங்க? ஃபோனை அப்படி மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டு இருக்கறதைப் பாத்தாலே தெரியுதுங்க. சாயங்காலம் குடும்பம் வருதா? அப்பக் கேட்டுக்குங்க. மலையில ரூம் எப்படி எடுக்கறதுன்னு என்னை மாதிரி கோத்தகிரியில யாரும் சொல்ல மாட்டாங்க. எப்படி எடுக்கக் கூடாதுன்னு சொல்லோணும், சரி.

எம் பேரு தெய்வசிகாமணி. திருப்பூருங்க. பனியன் கம்பெனியில செக்கிங் இன்சார்ஜ். தைச்ச துணி பேக்கிங்குக்குப் போறதுக்கு முன்னாடி எங்க மேசைக்கு வரும். வெளிச்சத்துல விரிச்சுப் பாக்கோணும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, கலர் மாறினது. கண்டுபிடிச்சு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாப் போடோணும். இருபத்திநாலு வருஷமா அதுதான் வேலை. நல்லா இருக்கற துணியை நான் பாக்கறதே இல்லைங்க. அது தானாப் போயிரும். குறை இருக்கறதுதான் கையில நிக்கும்.

எங்க பொண்ணு மது கனடாவுல இருக்கறா. கல்யாணமாகி ஒண்ணரை வருஷம் ஆச்சு. ஒரு மாசத்துக்கு முன்னாடி அவளும் மாப்பிள்ளையும் ஏதோ ஒரு மலையூருல போயி ரெண்டு நாள் தங்கினாங்களாம். அங்க இலை உதிர்ற காலமாம். போட்டோ அனுப்பியிருந்தா. சின்னதா ஒரு மரவீடு, தங்கறதுக்கு ரூம் விடற வீடு. சுத்தியும் மரமெல்லாம் செக்கச்செவேல்னு நிக்குது. எங்க வீட்டம்மா, பேரு கலாமணி, அந்த ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா. அடுப்புல பால் பொங்கி வழியுது, அது கூடத் தெரியலை. அப்பறம் சொன்னா, "ஏனுங்க, இந்த மாதிரி ஒரு இடத்துல நாமளும் ரெண்டு நாள் போயி இருந்துட்டு வரலாமுங்களா?"

தம்பி, அவ இதுவரைக்கும் எங்கிட்டக் கேட்டதெல்லாம் மிக்ஸி, கிரைண்டர், மதுவுக்கு யூனிஃபார்ம், எங்கம்மாவுக்கு மூட்டுவலித் தைலம். தனக்குன்னு ஒண்ணு கேட்டது அன்னிக்குத்தான். சும்மா சொல்லலைங்க. இதை மட்டும் சொதப்பிரக் கூடாது, ஒரு குறை வரக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். வினை அங்கதான் ஆரம்பிச்சுது.

தீபாவளிக்கு எங்க கம்பெனி பத்து நாள் லீவு. அதுக்கு மூணு வாரம் முன்னாடியே வேலையைத் தொடங்கிட்டேன். ஊட்டின்னா கூட்டம். கொடைக்கானல் தூரம். ஏற்காட்டுக்கு எம் மச்சான் குடும்பம் போயி, நாலு பேரும் அட்டைக்கடியோட திரும்பி வந்தாங்க. அதனால கோத்தகிரின்னு ஆச்சு. மேட்டுப்பாளையம் வந்தா ஒரே பஸ்ஸு. சிவப்பு இலை கிடைக்குமாங்கறது மட்டும் சந்தேகம். ஐப்பசியில இங்க மழை பேயும், பனி மூடும், இலை ஒண்ணும் உதிராது. அது தெரிஞ்சும் உட்காந்து சிவப்பு மரம் தேடினேன் பாருங்க, என்னையெல்லாம் என்ன சொல்றது.

ஒரு நோட்டுப் போட்டேன். கம்பெனி நோட்டு, கோடு போட்டு, தலைப்பு அடிச்சது. 'ஸ்டைல் நம்பர்'னு இருக்கற இடத்துல லாட்ஜு பேரு. முப்பத்தெட்டு இடம். தங்கிட்டுப் போனவங்க ஃபோன்ல எழுதி வைக்கறாங்க இல்லைங்களா, ஒண்ணு விடாமப் படிச்சேன். நல்லதா எழுதினதைப் படிக்கலை. அது நமக்கெதுக்கு? குறையை மட்டும்.

ஒருத்தர் எழுதியிருக்கறாரு, சாம்பார் இனிக்குதுன்னு. ரிஜெக்ட். ஒரு இடத்துல இட்லி கல்லு மாதிரி இருக்குதாம். ரிஜெக்ட். ஒரு இடத்துல காலை டிபன் ஒன்பது மணிக்குத்தான் வருதாம். எனக்கு ஏழரைக்குப் பசிச்சுரும். ரிஜெக்ட். இன்னொரு இடம், அருமையான இடம், பூந்தோட்டம், வெந்நீர், சன்னலைத் திறந்தா மலை. ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, பூரிக்கு வெச்ச கிழங்குல உப்பு ஒரு கல்லு கம்மின்னு. ஒரு கல்லு! அதுக்கும் சிவப்பு மையில பெருக்கல் குறி போட்டவன் நான்.

முப்பத்தேழு போச்சு. ஒண்ணு நின்னுது. பேரு வேண்டாம் விடுங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. ஓடு வேய்ஞ்சது, உள்ள கணப்பு இருக்குது, வாசல்ல ஒரு மரம். போட்டோவுல அந்த மரம் அப்படியே சிவப்புங்க! நாப்பத்தோரு பேரு எழுதியிருக்கறாங்க. கதவு கிறீச்சுங்குது, குரங்கு வருது, டவர் கிடைக்கலை, அதெல்லாம் இருக்குது. ஆனா சாப்பாட்டைப் பத்தி ஒருத்தர், ஒரே ஒருத்தர் கூடக் குறை எழுதலை. நான் மூணு தடவை பாத்தேன். ஒரு பீஸ் கூட டேமேஜ் இல்லாத சரக்கை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்லைங்க.

ஏன் எழுதலைன்னு உங்களுக்குப் புரிஞ்சு போச்சு. மூஞ்சியிலயே தெரியுது. ஆமாங்க. அங்க சாப்பாடே கிடையாது.

தெரியாம மாட்டிக்கிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அப்படி இருந்தாலாவது எனக்கு மன்னிப்பு இருக்கும். நான் ஃபோன் போட்டுக் கேட்டேன். ஓனர் நேராச் சொன்னாரு, "சார், நாங்க சாப்பாடு குடுக்கறதில்லை. கிச்சன் இருக்குது, கேஸ் இருக்குது, குக்கர், பாத்திரம் எல்லாம் இருக்குது. நீங்களே செஞ்சுக்கலாம்." எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? துள்ளிக் குதிக்காத குறைதான். வெளிச்சாப்பாட்டுத் தொந்தரவே இல்லை! கலா கையால சாப்பிட்டாக் குறை எங்கிருந்து வரப் போகுது? நோட்டுல 'கிச்சன்'னு எழுதிப் பக்கத்துல ரெண்டு ஸ்டார் போட்டேன்.

அவகிட்ட கிச்சன் விஷயத்தைச் சொல்லலை. போயிப் பாத்துச் சந்தோஷப்படட்டும்னு விட்டுட்டேன். அரிசி, பருப்பு, சாம்பார்ப்பொடி, நல்லெண்ணெய் எல்லாத்தையும் என் பையில, வேட்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டேன். கிளம்பற அன்னிக்குக் காலையில கலா என்ன பண்ணினா தெரியுங்களா? அடுப்பைச் சோப்புப் போட்டுத் தேச்சுத் துடைச்சு, ஒரு புதுத் துண்டை எடுத்து அது மேல போட்டு மூடினா. "அடுப்புக்கு எதுக்கு இப்பப் போர்வை?"ன்னு நான் கிண்டல் பண்ணினேன். அவளும் சிரிச்சா. பஸ்ஸுல சன்னலோரம் உட்காந்துக்கிட்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் என் கையைப் புடிச்சுக்கிட்டா. அப்படிப் புடிச்சு எத்தனை வருஷம் ஆச்சுங்க.

புதன்கிழமை மத்தியானம் வந்து சேந்தோம். மரம் பச்சையா நிக்குது. வாட்ச்மேன்கிட்டக் கேட்டா, "அது மாசி பங்குனியில தளிர் விடறப்பத்தான் சார் சிவக்கும்"ங்கறாரு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கலா "மரம் எப்படி இருந்தா என்னங்க"ன்னுட்டு, வராந்தாவுல இருந்த பிரம்பு நாற்காலியில போயிச் சாஞ்சு, காலைத் தூக்கி முன்னால இருந்த முக்காலி மேல வெச்சா. வெச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டா, "மத்தியானத்துக்கு இங்க என்னங்க குடுப்பாங்க?"

நான் "எந்திரிச்சு வா"ன்னு கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி கிச்சன் கதவைத் திறந்தேன். "பாரு கலா! அடுப்புக்கு நேரா சன்னலு! மலையைப் பாத்துக்கிட்டே சமைக்கலாம்!"

இதை நான் சொன்னேன் தம்பி. இந்த வாயாலதான்.

அவ சன்னலைப் பாத்தா. பனி மூடிக் கிடந்துச்சு, மலையும் இல்லை ஒண்ணும் இல்லை. ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல ஏத்திக்கிட்டு அரிசியைக் களைய ஆரம்பிச்சா. சந்தோஷத்துல பேச்சு வரலைன்னு நெனச்சுக்கிட்டு நான் போயி அதே பிரம்பு நாற்காலியில உட்காந்தேன்.

புது அடுப்பு, புது குக்கர், மலையூரு. பருப்பு சரியா வேகலை. அது யாருக்கா இருந்தாலும் அப்படித்தாங்க ஆகும். ரெண்டு வாய் சாப்பிட்டேன். "இன்னும் ஒரு விசில் விட்டிருக்கலாம்"னேன். சொல்லோணும்னு சொல்லலை. குறை பாத்த வாயிங்க, மலை ஏறினதும் மாறிருமா? சாயங்காலம் ரவை உப்புமா கிண்டினா. அதுக்கும் ஒண்ணு சொன்னேன். அது வேண்டாம், எனக்கே வெக்கமா இருக்குது.

மறுநாள் காலையில எந்திரிச்சு வந்து பாக்கறேன், அடுப்பு பத்த வைக்கலை. கலா கிச்சன் வாசப்படியில உட்காந்திருக்கறா. "காப்பி வைக்கலையா?"ன்னேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்றீங்களா?"ன்னா. குரல்ல கோபமில்லை. நான் எதிர்ல உட்காந்தேன். "உங்களுக்குத் தோசை ஓரத்துல முறுகலா இருக்கோணும், நடுவுல மெத்துன்னு இருக்கோணும். ரசத்துக்குப் பூண்டைத் தட்டித்தான் போடோணும், அரைச்சா ஆகாது. மோர்ல மிளகாய் மிதக்கக் கூடாது. கத்திரிக்காய் வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல ஆகாது. உங்களுக்குப் புடிச்சது எனக்கு நூறு தெரியும். எனக்குப் புடிச்சது ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

ஒண்ணுதானேன்னு தைரியமா ஆரம்பிச்சேன். "பழைய சோறு"ன்னேன். தினமும் காலையில அதைத்தான் அவ சாப்பிடுவா.

"அது மிச்சமாகறது. கொட்டறதுக்கு மனசு வராமச் சாப்பிடறது."

"சரி, மொத தோசை"ன்னேன். கல்லுல ஊத்தற மொத தோசையை எனக்கு வைக்கவே மாட்டா, அவதான் எடுத்துக்குவா. அவ்வளவு ஆசை போலன்னு இத்தனை வருஷமா விட்டுக் குடுத்திருக்கறேன் நான்!

"கல்லு காயாம மொத தோசை பிஞ்சு போயிரும். அதை உங்களுக்கு வெச்சா என்ன சொல்லுவீங்க?"

என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியுமுங்க.

மூணாவதா, "மீன் தலை"ன்னேன். அவ சும்மா என்னைப் பாத்தா. நடுத்துண்டையெல்லாம் யாரு தின்னதுன்னு அப்பத்தான் எனக்கு யோசனை போச்சு.

"சரி சரி, நீ உட்காரு, இன்னிக்கு நான் காப்பி போடறேன்"னு எந்திரிச்சேன். மனசார எந்திரிச்சேனுங்க. சர்க்கரை எந்த டப்பாவுலன்னு கேட்டேன். தூள் எத்தனை ஸ்பூன்னு கேட்டேன். பாலுக்குத் தண்ணி ஊத்தலாமான்னு கேட்டேன். மூணு கேள்விக்குள்ள அவளே எந்திரிச்சு வந்து போட்டுட்டா. டம்ளரை என் கையில குடுத்துட்டுச் சொன்னா, "மது அனுப்பின போட்டோவுல நான் எதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு நெனச்சீங்க?"

"மரத்தை"ன்னேன். வேற என்ன இருந்துச்சு அதுல?

"மூணாவது போட்டோவுல ஒரு மேசை இருந்துச்சு. மது உட்காந்திருக்கறா. யாரோ ஒரு அம்மா தட்டுல சுடச்சுட என்னமோ கொண்டாந்து அவ முன்னால வைக்கறாங்க. எம் பொண்ணு எந்திரிக்காம உட்காந்திருக்கறா. யாரோ கொண்டாந்து வைக்கறாங்க. நான் அதைத்தான் பாத்தேன். எனக்கு ரெண்டு நாள் அப்படி உட்காரோணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் கேட்டேன்."

மூணாவது போட்டோவை நான் திறக்கவே இல்லைங்க. மொத ரெண்டுலயே மரம் நல்லாத் தெரிஞ்சுது.

அவ பையை எடுத்தா, குடையை எடுத்தா, நடந்தா. நான் பின்னாலயே ஓடினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போறா, ஊருக்குப் போயிருவான்னு நெனச்சேன். தேயிலைக்கு நடுவுல அந்த ஒத்தையடிப் பாதையில, செருப்பு வழுக்குது, நான் வேட்டியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு "கலா, கலா"ன்னு கத்திக்கிட்டே வர்றேன். தேயிலை பறிக்கிற பொம்பளைங்க எல்லாம் நின்னு வேடிக்கை பாக்கறாங்க. கடைவீதிக்கு வந்தா. இந்த லாட்ஜு போர்டைப் பாத்தா. உள்ள வந்து கங்கம்மாகிட்ட ரெண்டே கேள்வி.

"இங்க மூணு வேளையும் சாப்பாடு உண்டுங்களா?"

"உண்டு."

"யாரு சமைக்கறாங்க?"

"நான்தான்."

"ஒருத்தருக்கு ரூம் குடுங்க"ன்னுட்டா. முடிஞ்சு போச்சு! ரூமைத் திறந்து பாக்கலை தம்பி. பாத்ரூம் பாக்கலை. வெந்நீர் வருதான்னு கேக்கலை. நான் மூணு வாரம் நோட்டுப் போட்டு எடுத்த முடிவை அவ மூணு நிமிஷத்துல எடுத்துட்டா. இந்த இடம் என் நோட்டுலயே இல்லைங்க. இங்க வந்தவங்க யாரும் ஃபோன்ல எழுதறவங்க இல்லை போல.

"ரெண்டு பேருக்கா எடுத்துரலாமே"ன்னேன்.

"நீங்க உங்க பங்களாவுல இருங்க"ன்னா. "சாப்பிட இங்க வாங்க, பட்டினி கிடக்காதீங்க. ஆனா வேற மேசையில உட்காருங்க. எனக்கு என்ன புடிக்கும்னு தெரிஞ்ச அன்னிக்கு வந்து எங்கிட்டச் சொல்லுங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லிட்டீங்கன்னா ரெண்டு பேரும் ஒண்ணா ஊருக்குப் போலாம். இல்லாட்டி நீங்க முன்னால போங்க."

இன்னிக்குத்தான் சனிக்கிழமை. ரெண்டரை மணிக்குப் பஸ்ஸு. திங்கக்கிழமை கம்பெனி திறக்கறாங்க. அவ இல்லாம நான் மட்டும் ஊருல போயி இறங்கினா, பக்கத்து வீட்டுல கேப்பாங்களேங்கறது கூடப் பெரிசில்லைங்க. அந்தத் துண்டு போட்டு மூடின அடுப்பு முன்னால நான் எப்படிப் போயி நிக்கறதுன்னு பயமா இருக்குது. உங்களை இதுக்கு முன்னாடி பாத்தது கூட இல்லை, உங்ககிட்டச் சொல்றேன். பயமா இருக்குது.

முயற்சி பண்ணாம இல்லை. மதுவுக்கு ஃபோன் போட்டேன். "கண்ணு, உங்கம்மாவுக்குச் சாப்பிட என்ன புடிக்கும்?"னு கேட்டேன். "என்னப்பா கேள்வி இது, அம்மாவுக்கு வந்து..."ன்னு ஆரம்பிச்சா. அப்படியே நின்னுட்டா. அப்பறம் "நான் அப்பறம் கூப்பிடறேம்பா"ன்னு வெச்சுட்டா. அழுதாளோ என்னமோ. மச்சானுக்குப் போட்டேன். "அதுக்கு எல்லாமே புடிக்கும் மாப்பிள்ளை, எதையும் குறையே சொல்லாது"ன்னு பெருமையாச் சொன்னாரு. கூடப் பொறந்தவரு!

கங்கம்மாகிட்டக் கேட்டேன், "அந்தம்மா எதை விரும்பிச் சாப்பிடறாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க"ன்னு. "அவங்களையே கேட்டுர வேண்டியதுதானே?"ங்கறாங்க. அது பரீட்சையில பாத்து எழுதற மாதிரி ஆயிராதுங்களா? அதனால நோட்டை எடுத்தேன். ஆமாங்க, அதே நோட்டு. புதுப் பக்கம். வியாழக்கிழமையில இருந்து அவ என்ன சாப்பிட்டான்னு எழுதறேன். இதோ பாருங்க. வியாழன் காலையில பூரி. மத்தியானம் அவரைக்கொட்டை போட்டு இந்த ஊருக் குழம்பு. சாயங்காலம் டீயும் வர்க்கி பிஸ்கட்டும். நேத்துக் காலையில ஆப்பம். மத்தியானம் எலுமிச்சைச் சோறு. சாயங்காலம் இந்த மலையில இருக்கற படகர் வீட்டுப் பலகாரமாம், எண்ணெயில சுட்டது, இனிப்பா இருக்கும், கங்கம்மா அவங்க வீட்டுக்குச் சுட்டதுல ரெண்டு குடுத்தாங்க. எதையாவது ரெண்டாம் தடவை கேட்டான்னா அதுதான் புடிச்சதுன்னு டிக் பண்ணலாம்னு காத்துக்கிட்டு இருக்கறேன். ஒண்ணைக் கூடத் திருப்பிக் கேக்கலைங்க. சாம்பிள் பத்தலை.

இருங்க, கங்கம்மா என்னமோ கொண்டு போறாங்க. பொங்கல். நெய் வாசம் இங்க வரைக்கும் வருது. நீங்க திரும்பாதீங்க, நான் சொல்றேன். கலா ஒரு வாய் எடுத்தா. மெதுவா மெல்லறா. இன்னொரு வாய்.

ஐயோ.

தள்ளி வெச்சுட்டா. தட்டை ஓரமாத் தள்ளி வெச்சுட்டா. முழுசா இருக்குது. தம்பி, கலா தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வெச்சு நான் பாத்ததில்லை. நாங்க வெச்ச மிச்சத்தைத் தின்னு பாத்திருக்கறேன். இப்பக் கங்கம்மாவைக் கூப்பிட்டு வேற என்னமோ கேக்கறா. என்ன இருக்குதுன்னு விரல் விட்டு எண்ணிக் கேக்கறா. கங்கம்மா சொல்றாங்க, இவ யோசிக்கறா. இவ்வளவு நேரம் யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது? சாப்பாடுதானே, புடிச்சதைச் சொல்ல வேண்டியதுதானே, அவளுக்குத் தெரியாதா என்ன...

தம்பி.

உங்க தோசையைப் பாத்துக்குங்க. நான் அங்க போயிட்டு வர்றேன். உத்தரவாவது ஒண்ணாவது.

வந்துட்டேனுங்க. நீங்க ஏன் இன்னும் சாப்பிடாம இருக்கறீங்க? பாத்துக்கிட்டே இருந்தீங்களா? பாக்காதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது.

போயி நின்னேன். "கலா, எனக்குத் தெரியலை. ரெண்டு நாளா எழுதிப் பாத்தும் தெரியலை. உனக்கு என்னதான் புடிக்கும்?"னு கேட்டுட்டேன். கங்கம்மா சொன்ன மாதிரி அவளையே கேட்டுட்டேன்.

அவ தட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் சொன்னா, "எனக்கும் தெரியலைங்க."

"உங்களுக்குப் புடிச்சது தெரியும், மதுவுக்குப் புடிச்சது தெரியும், உங்கம்மாவுக்குப் புடிச்சது தெரியும். எனக்கு எதுன்னு தெரியலை. இங்க வந்து உட்காந்துதான் ஒவ்வொண்ணாப் பாக்கறேன். பொங்கல் எனக்குப் புடிக்கலைங்க. இத்தனை வருஷம் மார்கழி பூரா விடியக்காலம் எந்திரிச்சுக் கிண்டியிருக்கறேன். எனக்குப் பொங்கல் புடிக்கலை!"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கறா. சிரிக்கறா, கண்ணு ரெண்டும் நெறைஞ்சு நிக்குது. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. சொல்றதுக்கு என்ன, அங்கயே நின்னு துண்டுல மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டேன். பொங்கல் புடிக்காத ஒருத்தி கையில இருபத்தாறு வருஷம் பொங்கல் வாங்கித் தின்னுட்டு, மிளகு கம்மி, முந்திரி கம்மின்னு சொல்லியிருக்கறேன்.

"நீங்க ரெண்டரை பஸ்ஸுக்குக் கிளம்புங்க"ன்னா. "நான் செவ்வாய்க்கிழமை வர்றேன். இன்னும் பாக்க வேண்டியது நெறைய இருக்குது."

அப்ப எனக்குத் திங்கக்கிழமை காலையில யாரு வடிச்சுக் குடுப்பாங்கன்னு கேள்வி தொண்டை வரைக்கும் வந்துருச்சு தம்பி. நெசமாச் சொல்றேன், அழுது முடிச்ச ஈரம் காயறதுக்குள்ள அதுதான் வந்துச்சு. முழுங்கிட்டேன். "சரி"ன்னேன். ஏன் எதுக்குன்னு கேக்காம அவகிட்ட நான் 'சரி' சொன்னது, எனக்கு ஞாபகம் தெரிஞ்சு, இதுதான் முதல் தடவையா இருக்கும்.

எதிர் நாற்காலியில கைப்பையை வெச்சிருந்தா. அதை எடுத்துக் கீழ வெச்சுட்டு, "பஸ்ஸு வர்ற வரைக்கும் உட்காருங்க"ன்னா. சாப்பாட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம், அது ஒண்ணுதான் கண்டிஷன். உங்களுக்கு வெச்சிருக்கற சட்னியில தேங்காய் கொஞ்சம் ஏறிப் போச்சு, பாத்தாலே தெரியுது, ஆனா நான் ஒண்ணும் சொல்லலை.

என் டம்ளரை எடுக்கத்தான் வந்தேன், வேற ஒண்ணுமில்லை. ரெண்டரைக்குத்தான் பஸ்ஸு. அதுவரைக்கும் நான் அங்க உட்காந்துக்கறேனுங்க.